எடுக்கக் கூடாத மணி

நவம்பர் 2, 2006. வியாழன்.
விடியலிலிருந்து தூறல். கல்லறைத் திருநாள். அண்ணன் சித்தையன்கோட்டையிலிருந்து பஸ்ஸில் வந்தார். அண்ணி கல்லறையில் மெழுகுவர்த்தி நிற்கவே இல்லை. காற்று.
முழங்கால் வீக்கம் அவருக்கு. இங்கேயே திண்டுக்கல்லில் என்னோடு இருந்துவிடச் சொன்னேன். நானும் தனிக்கட்டைதானே.
"என் வீட்ல நான் கெடக்கேன். அதான் காலைல ஒனக்கு மணி அடிக்கிறேன்ல."
டிரஸ்ட்காரர்கள் எங்களைப் போலத் தனியாக இருக்கும் கிழடுகளுக்குக் கொடுத்த செல்போன். இரண்டாம் பட்டனை அழுத்திப் பிடித்தால் எனக்கு வரும். வேறு எதுவும் அவருக்குத் தெரியாது. காலையில் ஒரு மிஸ்டு கால் வந்தால் ஆள் நலம். நான் எடுக்கக் கூடாது, காசு போய்விடும். ஒருமுறை கை தவறி எடுத்துவிட்டு வாங்கிய திட்டு இருக்கிறதே.
வாங்க: மூட்டுவலித் தைலம், எலிப்பொறி.

நவ. 4. சனி.
வெயில் தலைகாட்டியது. டிரஸ்ட்டிலிருந்து கவிதா வந்தாள், கணக்கெடுக்க. குளிக்கத் துணை வேணுமா, கடைக்குத் தனியாகப் போவீர்களா... செல்போனில் வந்தது, போனது எல்லாம் பார்த்து எழுதிக்கொண்டாள்.
"போன் வந்த பெறகு தைரியமா இருக்கா ஐயா? ஒண்ணுலருந்து அஞ்சுக்குள்ள சொல்லுங்க."
மூணு என்றேன். முகம் வாடிவிட்டது. பாவம், நாலு போட்டுக்கம்மா என்றேன்.

நவ. 7. செவ்வாய்.
கொட்டித் தீர்க்கிறது. கரண்ட் இல்லை.
காலையில் அண்ணன் மணி. சரி, ஆள் எழுந்தாச்சு. பால் காயும்போது மறுபடி. பிறகு இன்னொன்று. மழைக்குக் கிழவருக்கு ஏக குஷி போல.
அதற்கப்புறம் வந்தது நிற்காமல் அடித்தது. கையை நீட்டிவிட்டேன். எடுத்தால் ஒரு வாரம் திட்டுவார். விட்டுவிட்டேன். இன்னும் சில. கடைசியில் ஒன்று பாதியில் நின்றது. சார்ஜ் தீர்ந்திருக்கும்.
மத்தியானம் ரசம், அப்பளம். நல்ல தூக்கம்.

நவ. 8. புதன்.
மழை விட்டது. மணி வரவில்லை. நானே அடித்தேன், ஸ்விட்ச் ஆஃப். பஸ் பிடித்துப் போனேன்.
வாசலில் பால்காரி செல்லம்மா கதவைத் தட்டிக்கொண்டு. "நேத்து மழைல நானும் வரல ஐயா. கூப்ட்டா சத்தமே இல்ல."
கதவை உடைத்தோம். புறவாசலில் பாசி வழுக்கி விழுந்திருக்கிறார். இடுப்பு எலும்பு. ஒரு பகல், ஒரு ராத்திரி, அம்புட்டு மழையும் மேலே. உயிர் இருந்தது. கைக்குள் செல்போன்.
திண்டுக்கல் ஆஸ்பத்திரி.

நவ. 9.
நெஞ்சில் சளி கட்டிவிட்டது, வயசு வேறு, என்கிறார் டாக்டர்.
சற்று நேரம் கண் திறந்தார். "ஏன்டா எடுக்கல?"
"நீதானண்ணே எடுக்காதன்னு சொன்ன."
கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஆமா" என்றார்.
திட்டியிருக்கலாம்.

நவ. 10.
விடியுமுன் போய்விட்டார்.

நவ. 11. சனி.
அண்ணிக்குப் பக்கத்திலேயே அடக்கம். அன்று அணைந்த மெழுகுவர்த்திகள் அப்படியே இருந்தன. பங்குச் சாமியார் நல்லபடியாகத்தான் பேசினார். காதில் விழவில்லை.
சட்டை துவைக்கப் போடணும்.

நவ. 20. திங்கள்.
மூட்டம். கவிதா வந்தாள், அண்ணன் போனைத் திரும்ப வாங்க. சார்ஜ் ஏற்றி வைத்திருந்தேன். வருத்தம் சொன்னாள், உண்மையாகவே கண் கலங்கினாள். பிறகு அழுத்தி அழுத்திப் பார்த்து எழுதினாள்.
"கடைசில பெரியவர் நல்லாப் பழகிட்டாரு ஐயா. ஏழாந்தேதி மட்டும் எத்தன தடவ கூப்ட்ருக்காரு பாருங்க. எங்க ஆளுகள்ல யாருமே ஒருநாள்ல இம்புட்டுப் பயன்படுத்தல."
காபி போட்டுக் கொடுத்தேன்.
"ஒங்களுக்கு ஐயா? இப்ப தைரியம் எத்தன?"
நாலே இருக்கட்டும் என்றேன். என்ன சொல்ல அந்தப் பிள்ளையிடம்.
அவள் போனதும் மணி அடித்தது. முதல் அடியிலேயே எடுத்துவிட்டேன். காலர் ட்யூன் பாட்டு வைக்கச் சொல்லும் போன் கம்பெனிக் குரல், பதிவு செய்தது. ஒன்றை அழுத்து, இரண்டை அழுத்து என்றது. முடியும் வரை காதிலேயே வைத்திருந்தேன்.