ஆய்வுக்கூட விலாசத்துக்குப் போன வரம்

தைனான்,
டிசம்பர், ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் வெய்-லானுக்கு அப்பா எழுதிக்கொண்டது.

இங்கே அம்மா நலம், அவளுடைய செடிகள் அதைவிட நலம், என் முழங்கால் மட்டும் தனிக்குடித்தனம் போவதாக மிரட்டிக்கொண்டிருக்கிறது. அங்கே உட்ரெக்ட்டில் நீயும் மாப்பிள்ளை யோரிஸும் வேளைக்குச் சாப்பிட்டு, தூங்கி எழுந்து, நன்றாக இருக்க வேண்டும் என்பதுதான் எங்கள் காலை மாலை நினைப்பு. கம்ப்யூட்டரில் தட்டாமல் அப்பா எதற்குக் கையால் எழுதுகிறார் என்று நீ சிரிப்பாய். தட்டினால் எனக்கு ஆராய்ச்சிக் கட்டுரைதான் வருகிறது. போன வாரம் உனக்கு எழுத ஆரம்பித்த மின்னஞ்சலில் இரண்டாவது பத்தியிலேயே ஒரு வரைபடம் வந்து உட்கார்ந்துவிட்டது, அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, பெத்த பொண்ணுக்கு வரைபடம் அனுப்புற மனுஷனை இப்பத்தான் பாக்குறேன் என்றாள். அழித்துவிட்டேன்.

போனில் நீ கேட்டது காதிலேயே நிற்கிறது. மருத்துவமனையில் கடைசியாக வைத்துப் பார்த்த கருவும் வளராமல் நின்றுவிட்டது என்று சொன்னாய், அப்புறம், அப்பா, அப்பாவா சொல்லாதீங்க, இந்தத் துறையிலயே தலை நரைச்ச ஆளா சொல்லுங்க, இன்னொரு தடவை முயற்சி பண்ணவா, நிறுத்திடவா என்று கேட்டாய். அதற்கு உன் அப்பா, மனித இனப்பெருக்கம் பற்றி மூன்று கண்டங்களில் மேடையேறிய பேராசிரியர் யென், சொன்ன பதில் உனக்கு நினைவிருக்கும். அங்க மழையா என்று கேட்டேன். கேட்டுவிட்டுப் போனை அம்மாவின் கையில் திணித்துவிட்டுக் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன். நரைத்த தலை என்று நீ சொன்னதும் மரியாதைக்குத்தான், நரைப்பதற்கு அங்கே இப்போது என்ன மிச்சம் இருக்கிறது.

உனக்குத் தெரிந்த கதைதான், இருந்தாலும் சொல்லாமல் எனக்கு அடுத்த வரி ஓடாது. முட்டை கிளம்பும்போது தாயின் உடம்பிலிருந்து கட்டுச்சோறு கட்டிக்கொண்டு கிளம்புகிறது, கருவான முதல் சில நாள் அதைத் தின்றுதான் பிழைக்கிறது. அந்தக் கட்டுச்சோற்றில் உள்ள ஒரு புரதத்தைத்தான் நான் இத்தனை வருஷமாகக் கட்டிக்கொண்டு அழுகிறேன். அது இல்லாத தாய் எலிக்குக் கரு உண்டாகும், இரண்டாகப் பிரியும், அங்கேயே நின்றுவிடும், குட்டி மட்டும் பிறக்கவே பிறக்காது என்று எழுதிவைத்தவன் நான். அந்த வாக்கியத்தைப் பாடப்புத்தகத்தில் போட்டிருக்கிறார்கள் என்று நீ பள்ளியில் படிக்கும்போது உன் தோழிகளிடமெல்லாம் காட்டிப் பீற்றிக்கொண்டேன். போன வசந்தத்தில் உன் மருத்துவமனை அறிக்கையை நீ அனுப்பினாய், திறந்து பார்த்தால் என் புரதத்தின் பெயர். உன் மரபணுவில் அதன் இரண்டு பிரதியுமே கெட்டுப்போயிருக்கிறது. ஒன்று அப்பா கொடுத்தது, ஒன்று அம்மா கொடுத்தது. நான் யாரிடமும் சொல்லாமல் என் கையிலேயே ஊசி குத்திக்கொண்டு என் ரத்தத்தை என் இயந்திரத்திலேயே போட்டுப் பார்த்தேன். கெட்டுப்போன பிரதி ஒன்று இருந்தது. மரபணுச் சோதனைக்காக ஆயிரம் எலிகளின் வாலை நறுக்கித் தேடியதை நான் இவ்வளவு நாளும் சட்டைக்குள்ளேயே வைத்துக்கொண்டு சுற்றியிருக்கிறேன். அந்த ஆய்வுக்கூடத்தின் மிகப் பெரிய எலி நான்தான். அம்மாவிடம் சொன்னபோது அவள், பாதி நீங்க, பாதி நான், சீர்வரிசை ரெண்டு பேரும் சேந்துதான் குடுத்திருக்கோம் என்றாள். சொல்லிவிட்டுச் சமையலறையில் போய் அழுதாள். நானும் போய் வெங்காயத் தாள் நறுக்குகிறேன் என்று கத்தியை எடுத்துக்கொண்டேன்.

அப்போதுதான் அவள் என்னைச் சூஷெங் அம்மன் கோயிலுக்குப் போகச் சொன்னாள். பிள்ளை வரம் கேட்கிறவர்கள் வரிசையில் நான் நிற்பதா, யாராவது மாணவன் பார்த்தால் என்ன ஆவது என்றேன். அதற்கு அவள், உங்க கூடத்துல மெஷின் கெடக்கூடாதுன்னு மெஷின் தலையில பச்சைப் பாக்கெட் சோளப்பொரி வைக்கிறீங்களே, அதுக்கு எந்த விஞ்ஞானி கையெழுத்துப் போட்டாரு, எனக்கு இடுப்புப் பிடிச்சிருக்கு, பேசாம போய்ட்டு வாங்க என்றாள். என்னென்ன சொல்ல வேண்டும் என்று பாடமும் எடுத்தாள். யாருக்காகக் கேட்கிறோமோ அவள் பெயர், பழைய காலண்டர்படி பிறந்த நாள், வீட்டு விலாசம், மூன்றும் தெளிவாகச் சொல்ல வேண்டும், அம்மனுக்கு ஊர் உலகமெல்லாம் வேலை, விலாசம் இல்லாமல் எங்கே என்று தேடுவாள். போனேன். தொப்பியும் முகக்கவசமும் போட்டுக்கொண்டு, நானே என்னை வேவு பார்ப்பவன் மாதிரி போனேன். எனக்கு முன்னால் நின்ற அம்மாள் திரும்பிப் பார்த்து, நீங்க டிவியில வந்த முட்டைப் பேராசிரியர்தானே என்று கோயில் முழுக்கக் கேட்கிற மாதிரி கேட்டாள். பதற்றத்தில் தொப்பியை மூக்குவரை இழுத்துவிட்டேன். மண்டியிட்டேன், உன் பெயரைச் சொன்னேன், பிறந்த நாளைச் சொன்னேன், விலாசம் என்று வந்ததும் வாயில் எது ஊறிக் கிடக்கிறதோ அது வந்தது. பல்கலைக்கழகத்தின் பெயர், துறை, கட்டிடம், ஐந்தாவது மாடி, அஞ்சல் எண் உட்பட. கட்டுரைகளின் அடியில் எழுதி எழுதி நாக்கு அதிலேயே தேய்ந்துபோயிருக்கிறது. அம்மனின் சம்மதம் கேட்கிற பிறைக் கட்டைகள் இரண்டையும் தரையில் போட்டேன், ஒன்று குப்புற, ஒன்று மல்லாக்க, சம்மதம். மூன்று முறையும் சம்மதம். இப்படி விழ எவ்வளவு வாய்ப்பு என்று மனதுக்குள் கணக்குப் போட்டு, இதில் ஒன்றுமில்லை என்று எனக்கே நிரூபித்துவிட்டு, சந்தோஷமாகப் பால்மீன் கஞ்சி குடித்துவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

கோடைக்குள் முதலில் பெய்-யூ வந்து நின்றாள், என் ஆராய்ச்சி மாணவி, நீ பார்த்திருக்கிறாய், ஆய்வேடு முடியும்வரை குழந்தை கிடையாது என்று மாமியாரிடம் ஒப்பந்தமே போட்டு வைத்திருந்தவள். சார், எப்படின்னே தெரியல, ஜாக்கிரதையாத்தான் இருந்தோம் என்றாள். எப்படி என்று விளக்க நாட்டிலேயே தகுதி உள்ள ஆள் நான், எனக்கும் தெரியவில்லை. பிறகு ஆபீஸ் பார்க்கிற லோ அம்மாள், பெரிய பையன் ராணுவப் பயிற்சியே முடித்துவிட்டான், இந்த வயதில் தலைசுற்றல் என்று டாக்டரிடம் போய், முகம் சிவக்கத் திரும்பி வந்தாள். ஐந்தாவது மாடியில் நடந்துபோகப் பெண்கள் பயப்பட ஆரம்பித்தார்கள். குடிதண்ணீரைச் சோதிக்கச் சொல்லி நான் கடிதம் எழுதினேன், பேராசிரியர் என்றால் அதுதான் செய்ய வேண்டும். போன மாதம் பெய்-யூ வயிற்றைத் தூக்கிக்கொண்டு மூச்சிரைக்க ஓடி வந்து, சார், நம்ம மலட்டு எலி ஒண்ணு குட்டி போட்டிருக்கு என்றாள். கூண்டு மாறியிருக்கும் என்றேன். வாலை நறுக்கிப் பார்த்தோம், திரும்பவும் பார்த்தோம், பக்கத்துக் கூடத்துக்குக் கொடுத்தும் பார்த்தோம். மாறவில்லை. அந்தத் தாயிடம் என் புரதம் துளிகூட இல்லை, இருந்தும் சிவப்பாக, சுண்டுவிரல் நுனிக்கணு அளவுக்கு ஒரு குட்டி அவள் மடியில் பால் குடித்துக்கொண்டிருந்தது. ஒரே ஒரு குட்டி. சார் கண்ணாடி போட்டுத்தானே பாக்குறீங்க என்று பெய்-யூ கேட்டாள்.

என் பாடப்புத்தக வாக்கியம் அத்தோடு போயிற்று. பிறக்கவே பிறக்காது என்று எழுதியவன் முகத்துக்கு நேராக ஒன்று பிறந்து கிடக்கிறது, வசந்தகால மாநாட்டில் நானே மேடையேறி அதைச் சொல்ல வேண்டும், கியோட்டோவிலிருந்து வருகிற ஆராய்ச்சிக் கிழவர்கள் கைதட்டிச் சிரிப்பார்கள். அதைப் பற்றி எனக்கு வருத்தமே வரவில்லை, வெய்-லான். கூண்டுக்கு முன்னால் நின்று குதித்தேன், இந்த முழங்காலோடு குதித்தேன். உடனே போனை எடுத்து உன் எண்ணைத் தட்டினேன். நடக்குதும்மா, எலிக்கு நடந்திருக்கு, இன்னொரு தடவை போ என்று சொல்லத்தான் எடுத்தேன். மணி அடிப்பதற்குள் வைத்துவிட்டேன். எத்தனை தாய் எலிகளில் இவள் ஒருத்தி என்று எனக்குத் தெரியும், ஏன் அவளுக்கு மட்டும் என்பது தெரியாது. அதைக் காட்டி உன் உடம்பில் இன்னொரு வருஷம் ஊசி குத்தச் சொல்ல எனக்கு என்ன உரிமை. வேறொருத்தியின் முட்டை என்ற வழியை உன் மருத்துவர் சொல்லியிருப்பார், அது நீங்கள் இரண்டு பேரும் உட்கார்ந்து பேச வேண்டியது, அதில் நான் தலையிட மாட்டேன். இந்தக் குட்டி விஷயத்தை உன்னிடம் மறைக்கவும் பிடிக்கவில்லை, அதனால்தான் எல்லாவற்றையும் சேர்த்து எழுதுகிறேன்.

உன் போன் வந்த மறுநாள் சாப்பாட்டின்போது இதையெல்லாம் அம்மாவிடம் வரிசையாகச் சொன்னேன், பெய்-யூ, லோ அம்மாள், எலி. அவள் மென்றுகொண்டிருந்ததை நிறுத்தினாள். கோயில்ல எந்த விலாசம் சொன்னீங்க என்றாள். சொன்னேன். சாப்பிடும் குச்சிகளைக் கீழே வைத்தாள். அட கடவுளே, அஞ்சாவது மாடியா, நம்ம பொண்ணுக்கு வர வேண்டியதை ஊரெல்லாம் பங்கு வச்சுட்டு வந்து நிக்கிறீங்களே, எலிக்குக்கூடக் கிடைச்சிருக்கு என்று தலையில் அடித்துக்கொண்டாள். அப்புறம் சிரிக்க ஆரம்பித்தாள், நானும் சிரித்தேன், இரண்டு பேருக்கும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. விஷயம் பெய்-யூவுக்கும் எட்டிவிட்டது. சார், அப்ப எனக்கு வந்த பார்சல் நீங்க அனுப்புனதா, சரி, ஆய்வேட்டையும் நீங்களே எழுதிடுங்க என்கிறாள்.

நேற்று என்னை இழுத்துக்கொண்டு அம்மா மறுபடி கோயிலுக்குக் கிளம்பினாள், இந்த முறை மேற்பார்வைக்கு அவளும் வந்தாள். உங்கள் தெருவின் பெயரைத் தாளில் எழுதி வைத்துக்கொண்டு படித்தேன், அந்த டச்சுப் பெயரை அம்மனுக்கு முன்னால் சொல்லி முடிப்பதற்குள் எனக்குத் தொண்டை கட்டிவிட்டது, பின்னால் நின்றவர்கள் இருமினார்கள். விலாசம் சரி, பெயர் சரி, பிறந்த நாள் சரி. இனி கேட்க வேண்டியதுதான் பாக்கி. கேட்க வாய் திறந்தேன், போனில் அன்றைக்கு நீ பேசிய குரல் வந்துவிட்டது. நீ அழவில்லை, அழாமல் மருத்துவமனை ஊழியர் மாதிரி பேசினாய். தாயே, என் பொண்ணு களைச்சுப்போயிட்டா, அவ இத்தோட நிறுத்திக்கிட்டா உனக்குக் கோபம் இல்லையே என்றுதான் கேட்டேன். சத்தமாகவே கேட்டுவிட்டேன் போலிருக்கிறது. கட்டைகளைப் போட்டேன், சம்மதம். மூணு தடவை போடணும் என்று அம்மா சொல்வாள் என்று பார்த்தேன், சொல்லவில்லை. என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டு, நானும் அதைத்தான் கேக்க வந்தேன், எனக்கு வாய் வரல என்றாள். மறுபடி சோதித்துப் பார்க்காமல் நான் ஒப்புக்கொண்ட முதல் முடிவு அது.

ஆராய்ச்சிக்காரனாகப் பதில் சொல்லச் சொன்னாய். சொல்கிறேன், தெரியாது. முன்பாவது முடியாது என்று அடித்துச் சொல்லியிருப்பேன், இப்போது அதுவும் போய்விட்டது. ஆனால் எனக்குத் தெரிந்த ஒன்று இருக்கிறது, அது உன்னை வளர்த்ததில் தெரிந்தது. உனக்கு ஒன்று வேண்டும் என்றால் நீ யாரையும் கேட்க மாட்டாய். ஹாலந்துக்குப் போவதை டிக்கெட் எடுத்துவிட்டுச் சொன்னாய், யோரிஸைக் கட்டிக்கொள்வதை மண்டபம் பிடித்துவிட்டுச் சொன்னாய். வேண்டாம் என்று தோன்றும்போது மட்டும்தான் வந்து கேட்பாய், பியானோ வகுப்பை விடவா என்று ஒரு மாதம் வயிற்றுவலியோடு என் அறை வாசலில் நின்றவள் நீ. அதனால் அப்பாவாகவே சொல்கிறேன். போதும்மா. நிறுத்திவிடு. அம்மாவுக்காகவோ, எனக்காகவோ, பாழாய்ப்போன என் புரதத்துக்காகவோ இன்னொரு ஊசிகூடப் போட்டுக்கொள்ளாதே. நாளைக்கு உனக்காக வேண்டும் என்று தோன்றினால் அன்றைக்கு எங்களைக் கேட்காமல் போ, பிறகு சொல்.

மாப்பிள்ளைக்கு எங்கள் அன்பைச் சொல், அவரும் இதில் உன்னைப் போலவே அடிபட்டிருக்கிறார், அவரை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள், நீ கேள். இரண்டு பேரும் பல்லாண்டு ஒருவருக்கொருவர் துணையாக, மனசு லேசாக இருக்க வேண்டும் என்று வாழ்த்துகிறோம். குளிரில் தலைக்குத் துணி இல்லாமல் சைக்கிள் ஓட்டாதே. மீதியிருக்கும் ஊசி மருந்துகளைக் குளிர்ப்பெட்டியில் கண்முன்னே வைத்துக்கொண்டிருக்காமல் மருத்துவமனையிலேயே திருப்பிக் கொடுத்துவிடு. எழுதி முடித்ததும் அம்மாவிடம் படிக்கக் கொடுத்தேன். என் எழுத்தில் பக்கத்துக்குப் பத்துத் திருத்தம் போடுகிறவள், பேனாவை வாங்கி ‘போதும்மா’ என்ற இடத்தில் அடிக்கோடு மட்டும் போட்டாள். கோடு கோணலாக இருக்கும்.

என்றும் உன்,
அப்பா யென் கோ-லியாங்
அம்மா ஷு-சின்