வேலிக்கு இரண்டு பக்கமும் ஆள் வேண்டும்

என் அன்பு மச்சாள் மலருக்கு,

நீ போய் ஒரு வருடம் ஆகப் போகிறது. உன் முதலாம் ஆட்டைத் திவசத்துக்கு என்ன சமைப்பது என்று உன் புருஷன், என் அருமைத் தம்பி, இப்போதே கேட்டுக் கேட்டு என் உயிரை எடுக்கிறான். கத்தரிக்காய்ப் பாற்கறி என்று சொல்லிவிட்டேன். அது கிடக்கட்டும். இந்தக் கடிதம் டிலானியைப் பற்றியது.

அவளை உனக்குத் தெரியாது. வாசிகசாலையில் நாம் இருவரும் தொடங்கிய சனிக்கிழமை வகுப்புக்கு இந்த வருடம் வந்து சேர்ந்த பிள்ளை, உயர்தரம் படிக்கிறாள். தகப்பன் குடித்துவிட்டுச் சத்தம் போட்ட ஒரு நாள், அழுதபடியே தன் சிநேகிதி அபிநயாவுக்குத் தொலைபேசியில் குரல் பதிவு அனுப்பியிருக்கிறாள். அது அவர்களின் பள்ளி வகுப்புக் குழுவில் எல்லோருக்கும் போய்விட்டது. கைதவறிப் போய்விட்டது என்றாள் அபிநயா. மறுநாள் பிள்ளைகள் அந்த அழுகையை நடித்துக் காட்டிச் சிரித்தார்களாம். அன்றோடு டிலானி பள்ளிக்கூடம் போவதை நிறுத்திவிட்டாள். பரீட்சைக்கு இன்னும் கொஞ்ச நாள்தான். ‘இனிப் படிக்க மாட்டாளாம்’ என்று தாய் என்னிடம் வந்து அழுதாள்.

நான் என்ன செய்தேன், சொல் பார்ப்போம்? சாட் பேப்பர் ஒட்டினேன். பிணக்குத் தீர்க்க ஐந்து படிகள், ஐந்து நிறத்தில். இரண்டு பேரையும் எதிரெதிரே இருத்தினேன். ஒருத்தி காற்றாடியைப் பார்த்தாள், மற்றவள் கால் விரலைப் பார்த்தாள். இரண்டாம் படியிலேயே, “மிஸ், நான் வீட்டை போறன்” என்று டிலானி எழும்பிவிட்டாள்.

அப்போதுதான் உன் வேலி நினைவுக்கு வந்தது.

உன் வளவுக்கும் என் வளவுக்கும் நடுவில், வேலிக்கு உயிர்த்தடியாக ஊன்றிய ஒரு கிளுவங்கதியால் அரை அடி தள்ளி நின்றதற்காக எட்டு மாதம் பேசாமல் இருந்தவர்கள் நாம். நான் தள்ளி நட்டேன் என்றாய் நீ. கதியால் தானாக நகர்ந்திருக்கும் என்று நான் எகிறினேன். பிள்ளையார்மேல் சத்தியமும் செய்தேன். பிறகு ஒரு நாள் வேலி அடைக்கக் கூலிக்குச் சொன்ன ஆள் வரவில்லை. நான் தனியாகப் பின்னிய தென்னோலைக் கிடுகோடு மல்லுக்கட்டிக்கொண்டு நிற்க, அந்தப் பக்கமிருந்து கயிறு கோத்த குத்தூசி கிடுகைத் துளைத்துக்கொண்டு வந்தது. “மச்சாள், கயித்தை வாங்குங்கோ. வெயில் ஏறுது.” எட்டு மாதத்துக்குப் பிறகு நீ சொன்ன முதல் சொல் அது.

அதைத்தான் நீ வகுப்பில் விளையாட்டாக்கினாய். சண்டைக்காரர் இருவரும் வேலிக்கு இரண்டு பக்கம். ஒருவர் குத்த, மற்றவர் வாங்கித் திருப்பி அனுப்ப வேண்டும். முகம் தெரியாது, ஆனால் கதைக்காமல் ஒரு முடிச்சும் விழாது. கடைசி முடிச்சுக்கு முன் அவரவர் தன் பிழையை மட்டும் சொல்ல வேண்டும். “பிள்ளையளைக் கூலிக்குப் பிடிக்கிறியோ?” என்று உன்னைக் கேலி செய்தவள் நான்தான்.

போன சனிக்கிழமை வாசிகசாலைக்குப் பின்னால் கிடுகு வேலிக்கு இரண்டு பக்கமும் அந்த இருவரையும் நிறுத்தினேன். அபிநயா குத்திய ஊசி அப்படியே நின்றது. டிலானி தொடவில்லை.

“டிலானி, பிடியடி. கை நோகுது” என்றாள் அபிநயா.

கொஞ்ச நேரம் கழித்துக் கயிறு அசைந்தது. மூன்றாவது முடிச்சில், “இறுக்கி இழு, தொங்குது” என்று டிலானியின் குரல். கடைசி முடிச்சு வந்தது.

“நீ புதுச் சிநேகிதியளோடை திரிஞ்சனீ...” என்று தொடங்கினாள் அபிநயா.

“உன்ரை பிழையை மட்டும் சொல்லு” என்றேன் நான்.

அபிநயா விசும்பினாள். “கைதவறிப் போகேல்லை. வேணுமெண்டுதான் போட்டனான். எல்லாருக்கும் பொய் சொன்னனான்.”

அந்தப் பக்கம் டிலானி கயிற்றை இழுத்துப் பிடித்தாள். பிறகு, “நீ எடுத்த நேரமெல்லாம் நான் ஃபோனைத் தூக்கேல்லை. அது என்ரை பிழை. மிச்சம் ஒண்டும் என்ரை இல்லை. எனக்குக் கோவம் இன்னும் போகேல்லை. முடிச்சைப் போடு.”

திங்கட்கிழமை டிலானி பள்ளிக்கூடம் போனாள். வகுப்பில் அபிநயாவுக்கு இரண்டு வாங்குப் பலகை தள்ளித்தான் இருக்கிறாளாம். இருக்கட்டும். போனாளே, அது போதும். உனக்கு எப்படி நன்றி சொல்வேன் மலர்? நீ உயிரோடு இருக்கையில் ஒருமுறைகூடச் சொன்னதில்லை. என் ஐந்து நிறமும் செய்யாததை உன் பத்து அடிக் கிடுகு செய்தது.

வெளிக்கிடும்போது டிலானி கேட்டாள், “மிஸ், இதை ஆர் கண்டுபிடிச்சது?”

“என்ரை மச்சாள்.”

“அப்ப, நீங்களும் உங்கடை பிழையைச் சொன்னனீங்களோ?”

நான் குடையைத் தேடினேன்.

சொல்லிவிடுகிறேன். அந்தக் கதியாலை நகர்த்தியது நான்தான். நீ அளவெட்டிக்கு அம்மா வீட்டுக்குப் போயிருந்த கிழமை, பிடுங்கித் தள்ளி நட்டேன். என் கறிவேப்பிலைக்கு இடம் வேண்டியிருந்தது. நீ திரும்பி வந்த அன்று என் நகத்துக்குள் செம்மண் இருந்தது. நீ பார்த்தாய், இல்லையா? தெரிந்துகொண்டுதான் அன்றைக்கு ஊசியைக் குத்தினாயா? வகுப்பில் ‘தன் பிழையை மட்டும்’ என்று சொல்லும்போதெல்லாம் ஒரு கணம் என்னைப் பார்ப்பாயே, எனக்காகத்தான் காத்திருந்தாயா?

அந்தக் கதியால் இப்போது கை மொத்தத்துக்குத் தடித்துவிட்டது, பிடுங்க முடியாது. வருகிற மழைக்கு அதிலிருந்தே ஒரு தடி வெட்டிப் பழைய எல்லையில் நடுவேன். வேலி அடைக்கும்போது உன் பக்கத்தில் உன் மகளை நிறுத்துவேன். கடைசி முடிச்சுக்கு முன் அவளுக்கும் தம்பிக்கும் கேட்கும்படி சொல்வேன். இது சத்தியம். இந்த முறை பிள்ளையாரை இழுக்கவில்லை.

வேலிக்கு இந்தப் பக்கம் நிற்கும்,
உன் மச்சாள் பரமேஸ்