குறிக் கம்பெனி

பிலோமி,

பானையில் கஞ்சி இருக்கிறது. கருவாடு சுட்டு மூடி வைத்திருக்கிறேன். ராத்திரி மாதிரி கோபத்தில் பட்டினி கிடக்காதே. வெளியே போனால் சாவியைப் பக்கத்து வீட்டு மாரித்தாயிடம் கொடு.

அடிமாலியில் ஒரு குறிக் கம்பெனிக்குப் பணம் கட்டி வேலை பழகப் போகிறேன் என்றாய். குறி கேட்பதே பாவம், அதைப் படிக்க வேறு பணமா என்று நான் கத்தினேன். காலையில் குழாயடியில் சொன்னால் மாரித்தாய் சிரிக்கிறாள். "யக்கா, மலையாளத்துல குறின்னா சீட்டு. அது சீட்டுக் கம்பெனி யக்கா." நீ இதை அப்போதே சொல்லியிருந்தால் என் தொண்டையாவது மிஞ்சியிருக்கும்.

ஆனாலும் ஒன்று. நான் கொழுந்து கிள்ளப் பழகியபோது எஸ்டேட்டில் பாதிச் சம்பளமாவது கொடுத்தார்கள். இங்கே பழகுகிறவளே பணம் கட்ட வேண்டுமாம். பழகி முடித்தால் வேலை உண்டு என்று எழுதித் தரச் சொல். தந்தால் கட்டு. பணம் மாதா படத்துக்குப் பின்னால் இருக்கிறது.

அம்மா

கஞ்சிக்கு உப்புப் போடவில்லை, போட்டுக்கொள்.

எழுதித் தராமல், 'கட்டாயம் வேலை கிடைக்கும்' என்று வாயால் மட்டும் சொன்னால் எழுந்து வந்துவிடு. அது நான் நினைத்த குறிதான்.