சட்டைப் பையில் இருந்த மாத்திரை

அன்பு மகளுக்கு,

உன்னையும் மாப்பிள்ளையையும், நான் இன்னும் கண்ணால் பார்க்காத பேத்தியையும் நினைத்தபடி அம்மா எழுதுவது.

உன் தம்பி ஆஸ்பத்திரியிலிருந்து வந்துவிட்டான். நன்றாகச் சாப்பிடுகிறான். வலது காதுதான் சரியாகக் கேட்கவில்லை. நம் மோட்டார் கடையில் சத்தத்தை வைத்தே கோளாறு சொல்கிறவன், இப்போது தலையைத் திருப்பித் திருப்பிக் கேட்கிறான்.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லையடி. புனித யாத்திரை போய்வந்தவர் உன் அப்பா. அவருக்கு ஒரு தும்மல்கூட இல்லை. வீட்டிலேயே இருந்தவனுக்கு மூளைக்காய்ச்சல். அங்கே கூட்டத்தில் அப்பா தொண்டையில் கிருமி ஏறி, அவரோடு வீட்டுக்கு வந்திருக்கும் என்கிறார் டாக்டர். தடுப்பூசி போட்டுக்கிட்டுத்தானே போனேன் என்று இவர் சண்டைக்கே போய்விட்டார். ஊசி அவரைப் படுக்காமல் காப்பாற்றுமாம், தொண்டையில் கிருமி தங்குவதை எல்லா நேரமும் தடுத்துவிடாதாம். அப்பாவும் பிள்ளையும் ஒரே டம்ளரில் டீ குடிப்பதற்கு எத்தனை முறை திட்டியிருப்பேன்! அசிங்கம் என்றுதான் திட்டினேன், இதெல்லாம் யார் கண்டது.

தொண்டையில் ஒளிந்திருக்கும் கிருமியைக் கொல்ல, வீட்டில் எல்லோருக்கும் ஆளுக்கொரு மாத்திரை கொடுத்தார்கள். நேற்று துவைக்க எடுத்த சட்டைப் பையில் அப்பாவின் மாத்திரை, உறைகூடப் பிரிக்காமல். கேட்டால், எனக்குத்தான் ஒண்ணும் இல்லையே, பாப்பா வருதே, அதுக்கு இருக்கட்டும்னு வெச்சேன் என்கிறார். திட்டுவதா அழுவதா என்று தெரியாமல் நின்றேன். நோயில்லாதவர்தான் விழுங்க வேண்டும் என்பது அவர் மண்டையில் ஏறவில்லை. எனக்கு மட்டும் ஏறிவிட்டதா என்ன? பக்கத்தில் நின்று விழுங்க வைத்தேன்.

வீட்டுக்கு வெள்ளையடிக்கிறோம், இப்போது வராதே என்று உனக்கு எழுதச் சொன்னார். எனக்குப் பொய் வரவில்லை. இனி பயமில்லை, குழந்தையைக் கூட்டி வரலாம் என்கிறார் டாக்டர். இவரோ நம்பாமல், தன்னால் ஒட்டிவிடுமோ என்று பயந்து, பாயைச் சுருட்டிக்கொண்டு கடையிலேயே போய்ப் படுக்கிறார். யார் சொல்வது சரி என்று நான் எப்படிச் சொல்வேன்? உங்கள் டாக்டரையும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்.

பயமாக இருந்தால் வராதே, அம்மா கோபிக்க மாட்டேன். வந்தால், வீட்டுக்கு வருமுன் கடை வாசலில் இறங்கு. குழந்தையை முதலில் என்னிடம் தந்துவிடாதே, அப்பா கையில் கொடு.

மூவரும் நோய்நொடி இல்லாமல் நல்லபடியாக இருக்க வேண்டும்.

உன் அம்மா