வலப்பக்கத்து மூன்றாம் தூண்

அன்பு மகள் ஹெலனுக்கு, அம்மா செல்வமேரி எழுதுவது. மாதா புண்ணியத்தில் நானும் அப்பாவும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம், நீயும் அந்தக் குளிரில் சளி காய்ச்சல் அண்டாமல் இருக்க வேண்டும் என்று செபமாலையில் ஒரு பத்து மணி உனக்கென்றே சொல்லிக்கொண்டு வருகிறேன். உடம்புதான் நன்றாக இருக்கிறது, மனசு நன்றாக இல்லை சாமி. போனில் சொல்லலாம் என்றால் அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார், நான் வாயைத் திறந்ததும் அந்தப் புள்ளைய எதுக்குப் பயப்படுத்தற என்கிறார். அதனால் நம் போட்டோ ஸ்டூடியோவில் பாஸ்போர்ட் படத்துக்கு ஆள் வராத நேரமாகப் பார்த்துத் தாளில் எழுதுகிறேன், இதையே படம் எடுத்து உனக்கு அனுப்பிவிடுவேன். முழுவதும் படித்த பிறகு கூப்பிடு, பாதியில் பதறிப்போய்க் கூப்பிடாதே.

அப்பா பிறந்த ஊரில், பனமரத்துப்பட்டி ஏரிக்கு அந்தப் பக்கம் இருக்கும் பழைய மாதா கோயிலுக்கு இந்த வருஷம் நூற்றைம்பதாம் ஆண்டு விழா. விழா மலருக்குக் கோயிலின் உள்பக்கத்தைப் பெரிதாகப் படம் எடுத்துத் தரச்சொல்லிப் பங்குத்தந்தை என்னைத்தான் கேட்டார். உனக்குத்தான் தெரியுமே, உள்ளே நுழைந்தால் இரண்டு பக்கமும் வரிசையாகத் தூண்கள், மேலே ஆள் உயரத்தைப் போல ஏழெட்டு மடங்கில் வளைவுக் கூரை. கதவருகில் நின்று கூரையும் சேர்ந்து வரட்டும் என்று கேமராவை மேலே தூக்கித்தான் முதலில் எடுத்தேன். அப்படி எடுத்தால் தூணெல்லாம் மேலே போகப்போக உள்பக்கமாகச் சாய்ந்து, கோயில் கூடாரம் மாதிரி விழும். பங்குத்தந்தை பார்த்துவிட்டு இதென்ன இப்படி இருக்குது என்றார். அது கேமராவின் கண்ணில் இருக்கும் கோளாறு ஃபாதர், கம்ப்யூட்டரில் நிமிர்த்திவிடலாம் என்று நான்தான் தைரியம் சொன்னேன். அந்த வார்த்தை பிறகு எனக்கே எதிராகத் திரும்பி வந்தது.

கம்ப்யூட்டரில் இடது பக்கத்து முதல் தூண் மேல் ஒரு கோடு, வலது பக்கத்து முதல் தூண் மேல் ஒரு கோடு போட்டேன். போட்டதும் கோயில் முழுவதும் சடாரென்று நிமிர்ந்து நின்றது, பார்க்கவே அவ்வளவு அழகு. ஆனால் பீடத்துக்குக் கொஞ்சம் முன்னால், வலப்பக்கத்து மூன்றாம் தூண் மட்டும் நிமிரவில்லை. தலை வெளிச்சுவர்ப் பக்கமாகப் போயிருந்தது. நான் கோடு போட்டதுதான் தப்பு என்று அழித்து அழித்துப் போட்டேன், மற்றதெல்லாம் நேராக நிற்கிறது, அது மட்டும் நிற்க மாட்டேன் என்கிறது. அப்பா பின்னால் நின்று பார்த்துவிட்டு, அத மட்டும் தனியாப் புடிச்சு இழுத்து நிமுத்தி உடு, மலருக்குத்தானே என்றார். இழுத்தேன். அதுவும் நிமிர்ந்தது. அந்தப் படத்தைப் பார்த்ததும் மௌஸை விட்டுவிட்டேன் ஹெலன். படத்தில் தூணை நிமிர்த்திவிட்டேன், கோயிலில் யார் நிமிர்த்துவார்கள் என்று தோன்றியது. அந்தத் தூணுக்குக் கீழேதான் முதல்முறை நற்கருணை வாங்கும் புதுநன்மைக்குப் பிள்ளைகளை உட்காரவைத்துப் பயிற்சி கொடுக்கிறார்கள். அதை ஒட்டித்தான் உன் அப்பாவின் ஆர்மோனியம்.

அடுத்த நாளே டவுன் பஸ் பிடித்துப் போய், கேமரா முக்காலியைக் கதவுக்கு மேலே இருக்கும் பாடகர் மாடியில் வைத்து, நீர்மட்டம் பார்த்து, கேமராவை மேலேயும் கீழேயும் சாய்க்காமல் நேருக்கு நேர் வைத்து எடுத்தேன். அந்த மாடி தூணின் பாதி உயரத்தில் இருப்பதால் கேமராவைத் தூக்காமலே கூரையும் தரையும் படத்துக்குள் வந்துவிடும். அப்படி எடுத்தால் நேராக இருப்பது நேராகத்தான் விழும், கம்ப்யூட்டரில் நிமிர்த்தவே தேவையில்லை. எல்லாத் தூணும் நேராக விழுந்தது, அது ஒன்று சாய்ந்தே விழுந்தது. லென்ஸ் கோளாறாக இருந்துவிடாதா என்று மாதாவை வேண்டிக்கொண்டே பீடத்துப் பக்கம் போய்க் கதவைப் பார்த்து எடுத்தேன். லென்ஸ் கோளாறு என்றால் மறுபடியும் படத்தின் வலது பக்கம்தான் சாய வேண்டும். இந்தத் தடவை இடது பக்கம் சாய்ந்திருந்தது, அதே தூண், அதே சுவரைப் பார்த்து. அந்த நிமிஷமே முக்காலியை மடக்கிக்கொண்டு பங்குத்தந்தையைத் தேடிப் போனேன்.

பங்குத்தந்தையிடம் சொன்னால் அவர் சிரிக்கிறார். ஏனுங்க செல்வமேரியம்மா, கேமராவுலதான் தூணு சாயுமுன்னு நீங்கதானுங்களே சொன்னீங்க என்கிறார். அது வேறங்க ஃபாதர், இது நெசமாவே சாஞ்சிருக்குதுங்க என்றேன். விழா முடியட்டுமுங்க, ஆளக் கூப்பிட்டுப் பாத்துக்கலாம் என்றார். அவரைக் குறை சொல்லவில்லை, கிட்டே போய் அண்ணாந்து பார்த்தால் யார் கண்ணுக்கும் எதுவும் தெரியாது. வீட்டுக்கு வந்தால் அப்பாவுக்குக் கோபம். ஏம்புள்ள, கோயலுக்குள்ள போயி குத்தம் பாத்துட்டு வாரயா என்றார். ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் அவர் அந்தத் தூணடியில் உட்கார்ந்து வாசிக்கிறார், நான் பாட்டைக் கேட்கவில்லை, அவர் தலைக்கு மேலேயே பார்த்துக்கொண்டிருந்தேன். நற்கருணை வாங்கப் போனபோதுகூட என் கண் கூரையில்தான்.

கடைசியில் உன்னோடு பள்ளிக்கூடத்தில் படித்த அறிவுச்செல்வியைக் கூப்பிட்டேன். அவள் திருச்செங்கோட்டுப் பக்கம் ஒரு இன்ஜினியரிங் காலேஜில் கட்டடப் பாடம் நடத்துகிறாள். படங்களை அனுப்பிவைத்தேன், உடனே போனில், அம்மா அந்தப் பக்கம் யாரையும் உட்காரவைக்காதீங்க, நான் வாரேன் என்றாள். பங்குத்தந்தையிடம் சொன்னேன், மொதல்ல அவங்க வந்து அளக்கட்டுமுங்க என்றுவிட்டார். சொன்னபடி அவள் சனிக்கிழமை கருவிகளோடு வந்துவிட்டாள். மேலிருந்து தூக்குக்குண்டு விட்டு அளந்தாள், வெளிச்சுவரைச் சுற்றிவந்தாள், அதில் மேலிருந்து கீழே ஓடிய வெடிப்பில் விரலை வைத்துப் பார்த்தாள். அப்புறம் பங்குத்தந்தையிடம், கூரையோட பாரம் தூணயும் சுவரயும் வெளிய தள்ளுதுங்க ஃபாதர், எப்ப வேணா கூரை எறங்கலாமுங்க, இன்னைக்கே பூட்டீருங்க என்றாள். உடனே உள்ளே பயிற்சியில் இருந்த பிள்ளைகளை ஒரு சத்தமும் போடாமல், வாங்க கண்ணுங்களா வெளிய போயிப் பாடலாம் என்று அவரே கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்தார். மறுநாள் பூசை வேப்பமரத்தடியில் பந்தல் போட்டு என்று முடிவானது.

இனிதான் சாமி நீ பதறக் கூடாது. ஞாயிறு காலை பந்தலில் பெஞ்சு போட்டுக்கொண்டிருக்கும்போது அப்பாவைக் காணவில்லை. பூட்டிவைத்த கோயிலின் பக்கவாட்டுக் கதவு திறந்திருக்கிறது, அதன் சாவி ஒன்று அவரிடம் உண்டு. எட்டிப் பார்த்தால் உள்ளே அந்தத் தூணடியில் நிற்கிறார், ஆர்மோனியத்தை எடுக்கப் போயிருக்கிறார். எனக்குக் கத்த வேண்டும், ஆனால் கத்தினால் அந்தச் சத்தத்துக்கே கூரை இறங்கிவிடும் என்று பயம். வாயை மூடிக்கொண்டு உள்ளே போனேன். ஏனுங்க, உட்டுட்டு வாங்க என்று காதோரம் சொன்னேன். ஒரு பக்கம் புடி, வெரசா போயிரலாம் என்றார். அவரை விட்டுவிட்டு வர முடியுமா, பிடித்தேன். பாதி தூரம் வந்திருப்போம், எங்களுக்குப் பின்னால் ஒரு சத்தம். வளைவிலிருந்து சுண்ணாம்புக் காரை பாளமாகப் பெயர்ந்து, அவர் உட்கார்ந்து வாசிக்கிற ஸ்டூல் மேலேயே விழுந்தது. திரும்பிப் பார்க்கவில்லை, எப்படி வெளியே வந்தோம் என்று தெரியவில்லை. அப்பாவின் தலை, மீசை, சட்டை எல்லாம் ஒரே வெள்ளை. அத்தனை பேர் முன்னால் என் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார், பூசை தொடங்குகிற வரைக்கும் விடவில்லை.

யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. இப்போது உள்ளே சவுக்குக் கம்பங்களை நிறுத்தி முட்டுக் கொடுத்திருக்கிறார்கள், வெடிப்பின் மேல் கண்ணாடிச் சில்லு ஒட்டி அறிவுச்செல்வி வாராவாரம் வந்து பார்க்கிறாள், அதில் ஒன்று உடைந்திருக்கிறது, சுவர் இன்னும் நகர்கிறது என்று அதற்கு அர்த்தமாம். பிழைக்குமா விழுமா என்று அவளாலேயே சொல்ல முடியவில்லை. விழா மலருக்கு எந்தப் படம் என்று கேட்டேன், சாஞ்சத சாஞ்சபடியே போடுங்கம்மா, சனங்க பாக்கட்டும் என்றார் பங்குத்தந்தை. அப்படியே கொடுத்துவிட்டேன். அப்பா பந்தலில் வாசிக்கிறார், ஆனால் மேலே ஒரு காக்கா கிளையில் உட்கார்ந்தால்கூட விரல் நின்றுவிடுகிறது. வீட்டில் சாப்பிடும்போது சுவரைப் பார்த்து, இது நேரா இருக்குதா புள்ள என்கிறார். நேராத்தானுங்க இருக்குது என்கிறேன், பிறகு அவருக்குத் தெரியாமல் நானும் ஒரு தடவை பார்த்துக்கொள்கிறேன். எனக்கும் அப்படித்தான், ஜங்ஷன் மேம்பாலத்துக்கு அடியில் பஸ் நின்றால் தூணைத்தான் பார்க்கிறேன்.

அப்பாவிடம் நீ பேசும்போது இது எதுவும் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளாதே, ஆர்மோனியம் எப்படி இருக்கிறது என்று மட்டும் கேள், அவராகச் சொல்லட்டும். வேளைக்குச் சாப்பிடு, ராத்திரி டியூட்டி முடிந்து தனியாக நடந்து வராதே. மாதா உன்னைத் தன் முந்தானைக்குள் வைத்துக் காப்பாற்றட்டும், நீயும் உன் கை பட்ட நோயாளிகளும் சுகமாக இருக்க அம்மாவின் ஆசீர்வாதம். ஒன்றே ஒன்று மறந்துவிடாதே. கிளாஸ்கோவில் நீ இருக்கும் வீடும் நூறு வருஷத்துக் கல் கட்டடம் என்று சொல்லியிருக்கிறாய். நாளைக்கே உன் அறையை நான்கு பக்கமும் படம் எடுத்து அனுப்பு. போனை மேலே தூக்காமல், சாய்க்காமல், நெஞ்சுக்கு நேராகப் பிடித்து எடு கண்ணு. எதையும் நிமிர்த்தாமல் அப்படியே அனுப்பு, அம்மா பார்க்கிறேன்.

இப்படிக்கு,
உன் முகம் பார்க்கக் காத்திருக்கும் அம்மா,
தோ. செல்வமேரி,
சூரமங்கலம், சேலம்.