வெல்லத்தை மேலே அனுப்பிய நாள்

பாய்,

இன்று பெரியநாயக்கன்பாளையத்தில் பஸ்ஸுக்கு நின்றபோது மழைக்காற்றோடு கோக் கரிப் புகை வந்தது. பக்கத்தில் இரும்பு வார்க்கும் ஏதோ பவுண்டரியில் உலை மூட்டியிருந்தார்கள். மற்றவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். எனக்கு அந்த வாடையில் பயமில்லை. வாடையே இல்லாமல் வந்து உங்களைக் கொண்டுபோனதே, அதுதான் பயம்.

தொண்ணூறுகளில் கணபதி பவுண்டரியில் நான் கீழே மண்ணில் அச்சு எடுத்தேன். நீங்கள் மேலே, உலையின் வாய்க்குப் பக்கத்துத் தட்டில் நின்று கரியும் இரும்பும் கொட்டினீர்கள். உருக்கும் நாளெல்லாம் உங்களுக்குத் தலைவலி வரும். இறங்கி வருவீர்கள். தொண்டையில் படியும் தூசிக்காக எல்லோருக்கும் கொடுக்கும் வெல்லக்கட்டியை வாங்கி, வாசலில் நின்று தின்பீர்கள். கொஞ்ச நேரத்தில் தெளிந்துவிடும். "வெல்லம் உள்ள போச்சுன்னா வலி ஓடிப்போயிருமுங்க" என்பீர்கள். நாங்களும் நம்பினோம். என் பங்கிலும் பாதியைப் பிடுங்கிக்கொள்வீர்கள். உங்களுக்குச் சர்க்கரை வியாதியில்தான் சாவு என்று கேலி செய்வேன்.

அந்த ஐப்பசி மழையில், கரி நனையக் கூடாதென்று தட்டைச் சுற்றித் தார்ப்பாய் கட்டினோம். மதியத்துக்கு முன்பே தலை வலிக்கிறது என்றீர்கள். இறங்கச் சொன்னேன். ஏணி வழுக்கும், உலையில் சூடும் இறங்கிவிடும் என்று மறுத்தீர்கள்.

"வெல்லத்த மேல அனுப்பிப்போடுங்க, போதும்."

கரி ஏற்றும் வாளியில் வைத்து அனுப்பினார்கள். வாளி காலியாகக் கீழே வந்தது. அதன்பிறகு கரி விழும் சத்தமே இல்லை. கூப்பிட்டோம். ஏறிப் பார்த்தபோது கரிக் குவியலில் சாய்ந்து தூங்குவதுபோல் இருந்தீர்கள். கையில் பாதி வெல்லம் மிச்சமிருந்தது.

கரி எரியும்போது வரும் விஷவாயு என்றார் ஆஸ்பத்திரி டாக்டர். அதற்கு நிறமும் கிடையாது, வாடையும் கிடையாது. தலைவலி வந்ததும் வெளிக்காற்றுக்கு வந்திருந்தால் பிழைத்திருப்பார் என்றார். அத்தனை நாளும் உங்களைக் காப்பாற்றியது வாசல் காற்று. பெயரைத் தட்டிக்கொண்டுபோனது வெல்லம்.

இப்போது வேறொரு பவுண்டரியில் மேஸ்திரியாக இருக்கிறேன். தலைவலி என்று யார் சொன்னாலும் இறக்கி வெளியே நிறுத்திவிடுகிறேன். வேலை கெடுகிறதென்று முதலாளி முறைக்கிறார், முறைக்கட்டும். மேலே சத்தமில்லை என்றால் உடனே பெயர் சொல்லிக் கூப்பிடுவேன். "உசுரோடதானுங்ண்ணா இருக்கறேன்" என்று எரிச்சலாக ஒரு குரல் வந்தால்தான் எனக்கு மூச்சு வரும்.

போன வாரம் வாய் தவறி "பாய்" என்று கூப்பிட்டுவிட்டேன். மேலே நின்ற ஆறுமுகம் வேறு யாரையோ கூப்பிடுவதாக நினைத்துப் பேசாமல் இருந்துவிட்டார். அவர் எட்டிப் பார்ப்பதற்குள் நான் பாதி ஏணி ஏறியிருந்தேன்.