சங்குச்செடிக்கு ஒரு பொட்டு

நாள் 211. காலை 07:10. கூடம் மூன்று.

வெளியே மைனஸ் 58 டிகிரி. உள்ளே 21. காற்றழுத்தம் சரி. செடிகள் 26, எல்லாம் உயிரோடு. படங்கள் 26, ஒன்றில் என் பெருவிரல்.

இதைக் கண்டெடுப்பவருக்கு: என் பெயர் சீனிராஜ், ஊர் அருப்புக்கோட்டை. ஐ.டி.ஐ. எலக்ட்ரீஷியன். விஞ்ஞானிகள் ஐந்து பேரும் போன கப்பலில் பூமிக்குத் திரும்பிவிட்டார்கள். அடுத்த கப்பல் வர ஏழு மாதம். அதுவரை செவ்வாய்க்கு நான்தான் வாட்ச்மேன். கண்ணாடிக் கூடத்துச் செடிகளைத் தினமும் ஒவ்வொன்றாகப் படம் எடுக்க வேண்டும். படத்தை முதலில் நிலையத்தின் கணினி பார்க்கும். நோய் தெரிந்தால் சிவப்பு வட்டம் போடும். பிறகு படம் பூமிக்குப் போகும், அங்கே எல்லோரும் பார்க்கலாம். என் பரீட்சைத் தாள்களெல்லாம் அந்த நிறத்தில்தான் திரும்பி வரும் என்பதால் அதற்கு வாத்தியார் என்று பெயர் வைத்திருக்கிறேன்.

கையேட்டின்படி இங்கே வசந்தம் தொடங்கிவிட்டதாம். எனக்கு வசந்தம் பழக்கமில்லை. எங்கள் ஊரில் வெயில் உண்டு, அப்புறம் அதைவிட அதிக வெயில் உண்டு.

நாள் 214. காலை 07:25.

கடுகு பூத்தது. முதல் பூ. அரை மணி நேரம் குத்தவைத்து எடுத்தேன், இடுப்பு பிடித்துக்கொண்டது.

மகள் குயிலியிடமிருந்து செய்தி. வயது பத்து. “யப்பா, கடுகு நல்லாருக்கு. அத ஏன் தலகீழா எடுத்த? என் சங்குச்செடியயும் இப்பிடி எடுத்து மானத்த வாங்கிராத.”

சங்குச்செடி என்பது எண் 26 போட்ட செடி. எங்கள் வீட்டுக் கம்பிவேலியில் படர்ந்திருந்த கொடியின் விதை. கிளம்பும் நாளில் காகிதத்தில் மடித்து என் பையில் போட்டாள். இப்போது ஒரு முழம் ஏறியிருக்கிறது. பூத்தால் நீலம்.

நாள் 219. மாலை 16:00.

பூமியிலிருந்து எங்கள் நிலையத்தைக் கவனித்துக்கொள்ளும் ரெஜினாவிடமிருந்து செய்தி. தூத்துக்குடிக்காரர். “அண்ணே, ஒங்க கடுகுப் பூவ நாப்பது லட்சம் பேரு பாத்துருக்காங்க. சினிமாக்காரனுக்குக்கூட இவ்வளவு இல்ல.”

ஒரு மணி நேரம் தரையில் கால் பாவவில்லை. பிறகு போய்ப் பார்த்தால் இரண்டு கடுகுச்செடிகள் தொங்கிக்கொண்டிருந்தன. சத்துநீர்க் குழாயில் அடைப்பு. நீக்கியதும் நிமிர்ந்துவிட்டன. காரணம் குழாய்தான், எனக்குத் தெரியும். ஆனாலும் நாற்பது லட்சம் பேர். ஆளுக்கு இரண்டு கண்.

குயிலி கைக்குழந்தையாக இருந்தபோது கன்னத்தில் பொட்டு வைக்காமல் நான் ஒரு படம்கூட எடுத்ததில்லை.

நாள் 220. காலை 07:30.

சங்குச்செடியில் மொட்டு. நகக்கண் அளவு. படம் எடுக்கும் முன் கதவுக் கீலிலிருந்து ஒரு பொட்டு கிரீஸ் தொட்டு, மொட்டுக்குக் கீழே உள்ள இலையில் வைத்தேன். சின்னதாகத்தான். பார்க்கிறவர்கள் இலையில் ஏதோ தூசி என்று நினைத்துக்கொள்ளட்டும்.

காலை 09:40. வாத்தியார் நினைக்கவில்லை. “செடி எண் 26. இலைக் கரும்புள்ளி நோய். பரவும் அபாயம் அதிகம். கூடம் மூன்று 48 மணி நேரத்தில் 120 டிகிரிக்குச் சூடேற்றப்படும்.”

இருபத்தாறு செடியும் வெந்துவிடும்.

நாள் 221. காலை 08:15.

பொட்டை நேற்றே துடைத்துவிட்டேன். கிரீஸ் அடைத்திருந்த இடம் பழுத்துப் பழுப்பாகியிருக்கிறது. இப்போது நிஜமாகவே ஒரு புள்ளி. மறுபடி படம், மறுபடி சிவப்பு வட்டம். இலையைக் கிள்ளினாலும் அறிவித்ததை வாத்தியார் தானாக மாற்ற மாட்டார், பூமிதான் ரத்து செய்ய வேண்டும்.

ரெஜினாவுக்கு நடந்ததைச் சொன்னேன். பதில்: “அண்ணே, கிரீஸா? இங்க எல்லாரும் விழுந்து விழுந்து சிரிக்காங்க. பயப்படாதீங்க, ரத்து ஆணைக்கு மூணு கையெழுத்து வேணும். ரெண்டு வாங்கிட்டேன். மூணாவது ஆளு சாப்”

அதோடு நின்றது.

கோளாறு இல்லை, காலண்டரில் இருப்பதுதான். பூமிக்கும் எங்களுக்கும் நடுவில் சூரியன் வந்துவிட்டது. பதினான்கு நாள் ஒரு செய்தியும் போகாது, வராது. மூன்றாவது ஆள் சாப்பிட்டுவிட்டு வந்தாரா என்று நாள் 235-ல்தான் தெரியும்.

நாள் 222. மாலை 15:10.

கையேடு, பக்கம் 11: ஆள் உள்ளே இருக்கும்வரை கூடம் சூடேற்றப்படாது. ஆள் இருப்பதை மணிக்கட்டுப் பட்டையின் நாடித்துடிப்பை மட்டும் வைத்து வாத்தியார் கண்டுகொள்வார். சூடேற்ற நாற்பது நிமிடம் இருக்கும்போது சாப்பாட்டுப் பொட்டலங்களோடு உள்ளே வந்து கதவைச் சாத்திக்கொண்டேன்.

திரையில்: “செடி 26. மனிதர் 1. சூடேற்றம் நிறுத்திவைப்பு.”

மணிக்கு ஒரு தடவை இப்படி எண்ணுகிறார். ஆஜர் எடுக்கிறார்போல. நானும் எழுந்து “உள்ளேன் ஐயா” என்று சொல்லிவைக்கிறேன். பள்ளியில் நான் சரியாகச் சொன்ன ஒரே பதில்.

பட்டையின் பேட்டரி ஒன்பது நாள் தாங்கும். கேமரா பேட்டரியிலிருந்து ஒயர் இழுத்தால் இன்னும் மூன்று நாள். அதற்கு மேல் முடியாதென்றால் கதவைத் திறந்து வெளியே போய்விட வேண்டியதுதான்.

நாள் 226. மதியம் 13:00.

கடுகு ஏழு, தக்காளி இரண்டு, முள்ளங்கி ஒன்று பூத்திருக்கின்றன. கேமரா பேட்டரியை மிச்சம் பிடிக்க ஒரு நாளைக்கு ஒரு படம் மட்டும்.

சூரியன் இங்கே ஊரில் பார்ப்பதைவிடச் சின்னது. சரியாக அதற்குப் பின்னால்தான் வீடு. குயிலி இந்நேரம் எனக்குச் செய்தி பேசிவைத்துவிட்டு, அப்பா ஏன் பதில் போடவில்லை என்று அம்மாவைப் பிய்த்துக்கொண்டிருப்பாள்.

பொழுது போகாமல் கையேட்டின் பக்கம் 12-ஐப் படித்தேன். நோய் அறிவிக்கப்பட்ட கூடத்தின் கதவை உள்ளிருந்து திறக்கப் பூமியின் ஆணை வேண்டும்.

பாதிப் பாடம் படித்துவிட்டுப் பரீட்சைக்குப் போகும் புத்தி என்னைவிட்டுப் போகவே இல்லை.

நாள் 229. காலை 10:20.

கதவைச் சாப்பாட்டுக் கரண்டியால் நெம்பினேன். கரண்டி வளைந்துவிட்டது. வேறு கருவிகள் எல்லாம் வெளியே, என் பெட்டியில், அழகாக அடுக்கி வைத்திருக்கிறேன். அவை இல்லாமல் சுவருக்குள் ஓடும் கரென்ட்டையும் தொட முடியாது.

மொட்டு இன்னும் மொட்டாகவே இருக்கிறது. அதனிடம் பேசிப் பார்த்தேன். பிறகு முள்ளங்கியிடம். முள்ளங்கி பரவாயில்லை, கேட்டுக்கொள்கிறது.

நாள் 231. காலை 09:00.

பட்டை 2 சதவீதம். கேமராவோடு ஒயர் இணைத்தேன். சார்ஜ் ஏறுகிறது.

“செடி 26. மனிதர் 1.”

உள்ளேன் ஐயா.

நாள் 233. மாலை 17:30.

நினைத்ததைவிட வேகமாக இறங்குகிறது. கணக்கு என்றைக்கும் எனக்கு வந்ததில்லை.

சூரியன் விலகுவது 235, மதியம். பட்டை நாளைக் காலையைத் தாண்டாது.

செடிகளைக் கொன்றது நான்தான் என்று குயிலிக்கு யாரும் சொல்ல வேண்டாம். இல்லை, சொல்லுங்கள். நானே சொன்னதாகச் சொல்லுங்கள்.

நாள் 234. காலை 07:15.

பூத்துவிட்டது.

நீலம். அடியில் கொஞ்சம் வெள்ளை. வேலியில் இருந்ததே அதே நீலம். இத்தனை சிவப்புக்கு நடுவில் கண் கூசுகிறது.

பட்டை 1 சதவீதம். கேமராவில் மிச்சம் இருப்பதைப் பட்டைக்குக் கொடுத்தால் இருபது நிமிடம் கூடும். இல்லையென்றால் ஒரு படம். இருபது நிமிடத்தில் சூரியன் நகராது.

07:22. எடுத்துவிட்டேன். பூவும் நானும். நேராக. விரல் இல்லை. படம் வரிசையில் நிற்கிறது. வழி திறந்ததும் தானாகப் போய்விடும்.

குயிலி, பொட்டு இந்தத் தடவை பூவுக்கு வைக்கவில்லை. பார், அப்பா கன்னத்தில்.

07:24. வாத்தியார் திருத்திவிட்டார். பூவுக்கு ஒன்றுமில்லை. என் கன்னத்தைச் சுற்றிச் சிவப்பு வட்டம். தனியாக உட்கார்ந்து வயிறு வலிக்கச் சிரித்தேன்.

07:41. பட்டையின் விளக்கு அணைந்துவிட்டது. விரலால் தட்டிப் பார்க்கிறேன். நாடி துடிக்கிறது, எனக்குத் தெரிகிறது.

08:00. “செடி 26. மனிதர் 0.”

உள்ளேன் ஐயா.

08:01. தரை சுடுகிறது. எழுந்து நின்று சொல்கிறேன். ஒரு கையைத் தூக்கிக்கொண்டுதான் நிற்கிறேன்.

உள்ளேன் ஐயா.

உள்ளேன் ஐ